நாற்பதைக் கடந்த பெண்ணும் ஒரு நோய்ப்பெயரின் வரலாறும்

முன்னுரை

தமிழிலக்கியம் பெண்ணின் பருவங்களை ஏழாக வகுத்துப் பெயரிட்டது. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்னும் அவ்வேழும் உலா நூல்களைப் பயிலும் மாணவர் அனைவரும் அறிந்தவை. சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கயிலாய ஞானவுலா தொடங்கிப் பல நூற்றாண்டுகளாக இம்மரபு போற்றப்பட்டு வந்துள்ளது. பாட்டியல் நூல்கள் இப்பருவங்களுக்கு வயதெல்லையும் வகுத்தன. அக்கணக்கில் இறுதிப் பருவமாகிய பேரிளம்பெண் பொதுவாக நாற்பது வயதோடு நின்றுவிடுகிறாள். அதற்குப் பின்னர் அவளுக்கு உலா மரபில் பருவப்பெயர் இல்லை. செவிலியாகவும் நற்றாயாகவும் அவள் இலக்கியத்தில் தொடர்ந்து வருகிறாள். ஆயின் பெரும்பாலும் மகளின் வாழ்வுக்குத் துணை நிற்பவளாகவே வருகிறாள்.

மேனாட்டு மருத்துவம் நாற்பதைக் கடந்த பெண்ணுக்கு ஒரு பெயர் தந்தது. ஆயின் அது ஒரு நோயின் பெயராக அமைந்தது. நடுவயதிலும் அதனையடுத்தும் தோன்றும் கடுந்துயரை 'இன்வொல்யூஷனல் மெலங்கோலியா' என்று மருத்துவர்கள் அழைத்தனர். தேய்பருவ மனச்சோர்வு என்று அதனைத் தமிழில் கூறலாம். 1896ஆம் ஆண்டு பாடநூலில் ஏறிய அந்நோய் 1980ஆம் ஆண்டு அமெரிக்க நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இடைப்பட்ட 84 ஆண்டுகளில் எண்ணற்ற பெண்களின் துயரம் அப்பெயருக்குள் அடக்கப்பட்டது. அப்பெயர் தோன்றியதும் நிலைத்ததும் மறைந்ததும் எவ்வாறு என்பதை அறிந்தால், மாதவிடாய் நிற்கும் காலத்திலும் முதுமையிலும் மனநலம் பேணுவதற்கு எது உதவும், எது உதவாது என்பதும் ஒருவாறு விளங்கும்.

நெருக்கடி வயது

மாதவிடாய் நிற்பது இயற்கை நிகழ்ச்சி. பெரும்பாலான பெண்களுக்கு அது ஐம்பது வயதை ஒட்டி நிகழ்கிறது. பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து விடாய் வராதிருப்பின் அது நின்றுவிட்டதாக மருத்துவர்கள் கொள்வர். அதற்கு முந்திய சில ஆண்டுகளில் சூற்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் ஒழுங்கின்றி ஏறியும் இறங்கியும் வரும். உடல் திடீரெனச் சூடேறி வியர்த்தல், இரவில் உறக்கம் கலைதல், மாதவிடாய் முறை தவறுதல் ஆகியன அக்காலத்துக்குரிய அறிகுறிகளாம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பிய மருத்துவர் பலர் இக்காலத்தைப் பேராபத்தின் வாயிலாகக் கருதினர். வெளியேற வேண்டிய இரத்தம் உடலில் தங்கித் தீங்கு விளைக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. 1770களில் இலண்டன் மருத்துவர் ஜான் ஃபாதர்கில் இதைப் பற்றித் தனிக்கட்டுரை ஒன்று எழுதினார். இப்பருவத்தை அச்சத்தோடு எதிர்நோக்கும்படி பெண்கள் பழக்கப்படுத்தப்படுகின்றனர் என்பதை அவர் அக்காலத்திலேயே கண்டுகொண்டார். அவர் குரலுக்குச் செவிசாய்த்தோர் சிலரே.

மெனோபாஸ் என்னும் சொல்லைப் படைத்தவர் பிரெஞ்சு மருத்துவர் கார்டான் ஆவார். மாதம், நிறுத்தம் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அவர் அதனை ஆக்கினார். 1816ஆம் ஆண்டு எழுதிய நூலில் அச்சொல்லின் முதல் வடிவம் காணப்படுகிறது. 1821ஆம் ஆண்டு வெளிவந்த நூலின் தலைப்பிலேயே அது இன்றைய வடிவில் இடம்பெற்றது. அத்தலைப்பு மெனோபாஸ் என்பதற்கு மறுபெயராக 'நெருக்கடி வயது' என்னும் தொடரையும் தாங்கியிருந்தது. ஆகவே அச்சொல் பிறந்த நாளிலேயே நெருக்கடி என்னும் கருத்தும் அதனோடு ஒட்டிக்கொண்டது.

1857ஆம் ஆண்டு இலண்டனில் எட்வர்ட் டில்ட் என்பார் இப்பொருளைப் பற்றி ஆங்கிலத்தில் விரிவான நூல் வெளியிட்டார். 500 பெண்களின் குறிப்புகளைத் தொகுத்து, நூற்றுக்கு மேற்பட்ட தொல்லைகளை அவர் பட்டியலிட்டார். எரிச்சல், மனக்கலக்கம், பித்து ஆகியவற்றையும் மாதவிடாய் நிற்பதன் விளைவுகளாக அவர் எழுதினார். அவரிடம் வந்தவர் நோயுற்ற பெண்களே. நலமாக வாழ்ந்த பெண்கள் மருத்துவரை நாடவில்லை. ஆதலின் அவர்கள் அவர் கணக்கில் ஏறவில்லை. இக்குறை பின்வந்த ஆய்வுகள் பலவற்றிலும் நூறாண்டுக் காலம் தொடர்ந்தது.

கிரேப்பலின் இட்ட பெயர்

மெலங்கோலியா என்பது பழைய கிரேக்கச் சொல். கருமை, பித்தம் என்னும் இரண்டு சொற்களின் கூட்டு அது. உடலில் கரும்பித்தம் மிகுந்தால் உள்ளம் துயரில் ஆழும் என்று பண்டைக் கிரேக்கர் கருதினர். தமிழிலும் பித்து, பித்தன் என்னும் சொற்கள் பித்தம் என்பதனோடு உறவுடையனவாக இருத்தல் ஒப்புநோக்கத்தக்கது. உள்ளத்தின் நோய்க்கு உடலில் வேர் தேடும் வழக்கம் இவ்வாறு பல பண்பாடுகளுக்கும் பொதுவானது.

ஜெர்மானிய மனநல மருத்துவர் எமில் கிரேப்பலின் (1856–1926) உள நோய்களை முறைப்படுத்தி வகை செய்தவர். அவருடைய பாடநூலின் ஐந்தாம் பதிப்பு 1896ஆம் ஆண்டு வெளிவந்தது. அப்பதிப்பில், இளமையில் மனநோய் எதுவுமின்றி நடுவயதுக்குப் பின் முதன்முதலாகத் தோன்றும் ஆழ்ந்த துயரை அவர் தனி நோயாகப் பிரித்தார். கலக்கம், உறக்கமின்மை, தான் பெரும்பாவம் செய்துவிட்டதாக எண்ணும் குற்றவுணர்வு, இல்லாத நோயை உண்டென நம்புதல் ஆகியன அதன் அடையாளங்கள். இளமையில் வரும் வெறியும் சோர்வும் வேறு. உடல் தேயும் பருவத்தில் வரும் இது வேறு என்பது அவர் கொள்கை. ஆடவருக்கும் அது உண்டென அவர் ஒப்பினாலும், பெண்களிடையே மிகுதி என்னும் கருத்து விரைவில் பரவியது. மாதவிடாய் நிற்பதனோடு அது இணைக்கப்பட்டது.

இக்கொள்கையை முதலில் சோதித்தவர் கிரேப்பலினின் வட்டத்தைச் சேர்ந்த டிரைஃபஸ் என்பவரே. முன்னர் இந்நோய் உண்டென முடிவு செய்யப்பட்ட நோயாளிகளின் பிற்கால வாழ்வை அவர் தேடிச் சென்று ஆராய்ந்தார். அவர்களுள் பெரும்பாலோர் நலமடைந்திருந்தனர். பலருக்கு இளமையிலேயே சிறு சிறு சோர்வுகள் வந்து போயிருந்தமையும் தெரிய வந்தது. 1907ஆம் ஆண்டு அவர் தம் முடிவை வெளியிட்டார். கிரேப்பலின் அதனை ஏற்று, நூலின் அடுத்த பதிப்பில் தேய்பருவ மனச்சோர்வைத் தனி நோய் என்னும் நிலையிலிருந்து இறக்கிப் பொதுவான வெறி–சோர்வு நோயின் பகுதியாக்கினார். தாம் இட்ட பெயரைத் தாமே திருத்திக்கொண்ட அறிஞரின் நேர்மை பாராட்டுக்குரியது.

ஆசிரியன் கைவிட்ட பெயரை உலகம் கைவிடவில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1952ஆம் ஆண்டு வெளியிட்ட முதல் நோய்ப்பட்டியலிலும், 1968ஆம் ஆண்டு வெளியிட்ட இரண்டாம் பட்டியலிலும் அந்நோய் தனியிடம் பெற்றது. ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி துயருற்று மருத்துவமனைக்கு வந்தால், அவள் வாழ்வில் நிகழ்ந்தது என்ன என்று ஆராயும் தேவையே அப்பெயரால் குறைந்தது. வயதே காரணம் என்பது முன்னரே எழுதப்பட்டிருந்தது.

உளப்பகுப்பாய்வாளர் கூற்று இதற்கு மேலும் வலுவூட்டியது. வியன்னாவில் பயின்று அமெரிக்காவில் குடியேறிய ஹெலன் டாய்ச் பெண்ணின் உளவியல் குறித்து 1944, 1945ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகள் வெளியிட்டார். பெண்மையின் பணி மகப்பேற்றோடு முடிகிறது என்னும் கருத்தின்மேல் நின்று, மாதவிடாய் நிற்பதை ஒருவகை இழப்பாகவும் அரைகுறை மரணமாகவும் அவர் சித்திரித்தார். பெண்ணொருவரே இவ்வாறு எழுதியது அக்கருத்துக்கு மதிப்பைக் கூட்டியது.

மருந்தின் எழுச்சியும் தளர்ச்சியும்

நோய்க்கு உடலே காரணம் என்றால் மருந்தும் உடலுக்கே தரப்படும். 1923ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஆலன், டாய்சி என்னும் இருவர் சூற்பை இயக்குநீரின் ஆற்றலை ஆய்வின்வழி நிறுவினர். 1929ஆம் ஆண்டு டாய்சியும் ஜெர்மனியில் பூட்டனாண்ட்டும் அதனைத் தனித்தனியே தூய நிலையில் பிரித்தெடுத்தனர். 1934ஆம் ஆண்டு அதே நகரத்து மருத்துவர் வெர்னரும் துணைவர்களும் தேய்பருவ மனச்சோர்வுக்கு அவ்வியக்குநீரைச் செலுத்தி நற்பயன் கண்டதாக அறிவித்தனர். நூற்றாண்டுப் புதிர் அவிழ்ந்தது என்று பலரும் மகிழ்ந்தனர்.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1940ஆம் ஆண்டு நியூயார்க்கில் ரிப்ளி, ஷோர், பாபனிகோலாவ் ஆகிய மூவர் இதனை மேலும் கவனமாக ஆராய்ந்தனர். கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனையால் பின்னாளில் புகழ்பெற்ற பாபனிகோலாவே அம்மூவருள் ஒருவர். இயக்குநீர் உடற்சூட்டைத் தணித்தது. அதனால் வந்த சிறு மனவருத்தமும் குறைந்தது. ஆழ்ந்த மனச்சோர்வு மட்டும் அதனால் நீங்கவில்லை. 1938ஆம் ஆண்டு இத்தாலியில் தோன்றிய மின்னதிர்ச்சி மருத்துவமே அக்காலத்தில் அத்தகையோர்க்கு மிகுந்த பயன் தந்தது. பிற வயதினரின் கடும் மனச்சோர்வையும் அதே மருத்துவம் போக்கியது. இளையோர்க்கும் முதியோர்க்கும் ஒரே மருத்துவம் பயன்படுமாயின், நோய் உண்மையில் இரண்டுதானா என்னும் ஐயம் எழுந்திருக்க வேண்டும். அக்கேள்வியை அழுத்திக் கேட்டவர் சிலரே.

1942ஆம் ஆண்டு அமெரிக்கச் சந்தைக்கு வந்த பிரமாரின் என்னும் மாத்திரை, கருவுற்ற பெண்குதிரையின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்ட ஈஸ்ட்ரோஜனால் ஆனது. 1966ஆம் ஆண்டு நியூயார்க் மருத்துவர் ராபர்ட் வில்சன், பெண்மை என்றும் நிலைத்திருக்க இத்தகைய மருந்தை வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டும் என்னும் கருத்தைப் பரப்பும் நூலொன்றை வெளியிட்டார். மாதவிடாய் நின்ற பெண்ணை அவர் குறைபாடுற்றவளாகவே வரைந்தார். மருந்து விற்பனை பெருகியது. 1975ஆம் ஆண்டின் இறுதியில், ஈஸ்ட்ரோஜனை மட்டும் உட்கொண்ட பெண்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் மிகுதி என்று இரண்டு ஆய்வுகள் ஒரே இதழில் காட்டிய பின்னரே வேகம் தணிந்தது.

பெண்களைக் கேட்டோர்

இத்தனை நூல்களும் மருந்துகளும் தோன்றிய காலத்தில், மருத்துவமனையை நாடாத பெண்கள் தம் நடுவயதைப் பற்றி என்ன எண்ணுகின்றனர் என்று ஆராய்ந்தோர் அரியர். அதனை முறையாகச் செய்தவர்களுள் முதன்மையானவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பெர்னிஸ் நியூகார்ட்டன் ஆவார். அவரும் துணைவர்களும் 45 முதல் 55 வயது வரையிலான 100 தாய்மார்களிடமும், ஒப்பிடுவதற்காகப் பிற வயதுப் பெண்களிடமும் கருத்துக் கேட்டு 1963ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். மாதவிடாய் நிற்பதைப் பெரிதும் அஞ்சியவர்கள் அதனை இன்னும் காணாத இளம்பெண்களே. அதனைக் கடந்த பெண்கள், அது பெரிய இழப்பன்று எனக் கூறினர். சிலர் மகப்பேற்று அச்சம் நீங்கியது கண்டு ஆறுதலும் அடைந்திருந்தனர். கணவனை இழத்தல், முதுமை எய்துதல், நோயுறுதல் ஆகியவையே அவர்களுடைய உண்மையான கவலைகள்.

சமூகவியலாளர் பாலின் பார்ட் மற்றொரு வழியில் சென்றார். கலிபோர்னியாவில் நடுவயதில் மனநல மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 500க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவேடுகளை அவர் ஆராய்ந்தார். சிலரை நேரிலும் கண்டு உரையாடினார். மனச்சோர்வுற்ற பெண்களுள் பலர் மக்களுக்காகவே வாழ்ந்து, அம்மக்கள் வீட்டைவிட்டுச் சென்றபின் தமக்கென ஒரு பணியும் இல்லாமல் நின்றவர்கள் என்பதை அவர் கண்டார். 1970ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த அவர் கட்டுரைகள், சூற்பையை நோக்கியிருந்த கண்களைக் குடும்பத்தின்பால் திருப்பின.

முடிவான அடி 1979ஆம் ஆண்டு விழுந்தது. அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் மிர்னா வைஸ்மன் தம் ஆய்வை வெளியிட்டார். மாதவிடாய் நிற்கும் வயதில் மனச்சோர்வுற்ற பெண்களை இளையோருடனும் முதியோருடனும் அவர் ஒப்பிட்டார். அறிகுறிகளில் வேறுபாடில்லை. முன்னரும் சோர்வுற்றவர்கள் அவர்களிடையேயும் இருந்தனர். துன்ப நிகழ்ச்சிகள் அவர்கள் வாழ்விலும் நேர்ந்திருந்தன. தேய்பருவ மனச்சோர்வு என்பது ஒரு கட்டுக்கதையே என்னும் பொருள்பட அக்கட்டுரைக்கு அவர் தலைப்பிட்டார். 1980ஆம் ஆண்டு வந்த மூன்றாம் பட்டியலில் அந்நோய் இடம்பெறவில்லை.

ஏறத்தாழ அக்காலத்திலேயே மானிடவியலாளர் மார்கரெட் லாக் ஜப்பானியப் பெண்களிடையே ஆய்வு நடத்தினார். 45 முதல் 55 வயதுவரை உள்ளோரை வட அமெரிக்கப் பெண்களோடு அவர் ஒப்பிட்டார். அண்மையில் உடற்சூடு கண்டதாக அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ மூவருள் ஒருவர் கூறினர். ஜப்பானில் எண்மருள் ஒருவர் அளவே கூறினர். தோள் இறுக்கமும் தலைவலியுமே ஜப்பானியப் பெண்கள் மிகுதியாகச் சொன்ன தொல்லைகள். 'கோனெங்கி' என்னும் ஜப்பானியச் சொல் மாதவிடாய் நிற்பதை மட்டும் குறிக்காமல், நடுவயது மாற்றங்கள் அனைத்தையும் உள்ளடக்கிய நீண்ட காலத்தைச் சுட்டுவது. 1993ஆம் ஆண்டு நூலாக வந்த இவ்வாய்வு, பெண்ணின் உடல் அனுபவத்தை உணவும் தொழிலும் குடும்பமும் மொழியும் சேர்ந்தே உருவாக்குகின்றன என்பதை உணர்த்தியது.

பெயர் நீங்கிய பின்னர்

பெயர் நீங்கியதோடு துன்பமும் நீங்கிவிட்டதாகக் கருதுதல் பிழையாகும். வயதே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொன்ன உலகம், பின்னர் அவ்வயதில் ஒன்றுமே நேர்வதில்லை என்று சொல்லத் தலைப்பட்டது. இரண்டாம் கூற்றும் பெண்களுக்கு உதவவில்லை. உறக்கமிழந்து வாடும் பெண்ணிடம் 'எல்லோருக்கும் வருவதுதானே' என்று கூறி அனுப்பிவிடுவதற்கு அது இடந்தந்தது.

2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் பாஸ்டன், பிலடெல்பியா ஆகிய நகரங்களிலிருந்து இரண்டு நெடுங்கால ஆய்வுகள் வெளியாயின. முன்பு மனச்சோர்வே அறியாத பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அவ்வாய்வுகள், மாதவிடாய் நிற்பதை நோக்கிய இடைக்காலத்தில் சோர்வின் அறிகுறிகள் மிகுவதைக் காட்டின. பாஸ்டன் ஆய்வில் அது ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. இயக்குநீர் குறைவதைவிட அது ஒழுங்கின்றி ஏறி இறங்குவதே சிலருடைய உள்ளத்தைத் தாக்குகிறது என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது. 2018ஆம் ஆண்டு வட கரோலினாவில் 172 பெண்களிடம் நடத்திய சோதனையில், ஓராண்டில் போலி மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 32 பேரும் இயக்குநீர் பெற்றோருள் நூற்றுக்கு 17 பேரும் சோர்வின் அறிகுறிகளுக்கு ஆளாயினர்.

ஆகவே உடலுக்கும் இதில் பங்குண்டு. ஆயின் அப்பங்கு எல்லார்க்கும் ஒன்றன்று. பெரும்பாலான பெண்கள் இக்காலத்தை மனநோய் எதுவுமின்றிக் கடக்கின்றனர். முன்பு மனச்சோர்வுற்றவர்கள், இரவு வியர்வையால் நெடுநாள் உறக்கம் கெட்டவர்கள், அதே காலத்தில் கணவனை இழத்தலோ பெற்றோரின் நோயோ பணியிழப்போ நேர்ந்தவர்கள் ஆகியோரே மிகுதியும் துன்புறுகின்றனர். 2024ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழ் இப்பொருள் பற்றி வெளியிட்ட கட்டுரைத் தொடரும் இவ்வேறுபாட்டையே வற்புறுத்தியது.

மருந்தைப் பற்றிய அறிவும் இக்காலத்தில் தெளிவடைந்தது. 16,000க்கும் மேற்பட்ட பெண்கள் கலந்துகொண்ட அமெரிக்கப் பெருஞ்சோதனை ஒன்று 2002ஆம் ஆண்டு இடையில் நிறுத்தப்பட்டது. கூட்டு இயக்குநீர் மாத்திரை உட்கொண்டோரிடையே மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் சற்று மிகுந்தமையே காரணம். அப்பெண்களின் சராசரி வயது 63. 65 வயதைக் கடந்து அம்மாத்திரையைத் தொடங்கியோரிடையே மறதிநோய் இருமடங்காயிற்று என்பதும் 2003ஆம் ஆண்டு அறியப்பட்டது. அறுபது வயதுக்குள் தொடங்குவோர்க்கு நன்மை தீமைகளின் நிறை வேறுபடும் என்பதைப் பின்னைய ஆராய்ச்சிகள் காட்டின. எனவே யாருக்கு, எந்த வயதில், எத்தொல்லைக்கு என்று மருத்துவர் ஆய்ந்தே அது தரப்பட வேண்டும். மாத்திரையன்றிப் பேச்சின் வழியும் உண்டு. எண்ணங்களையும் பழக்கங்களையும் சீர்செய்யும் உளவியல் பயிற்சியால் உடற்சூட்டின் தொல்லை குறைவதை 2012ஆம் ஆண்டு இலண்டன் ஆய்வாளர்கள் மெய்ப்பித்தனர். குழுவாகக் கூடிப் பயின்றோரும் நூலைக்கொண்டு தாமே பயின்றோரும் ஒருசேரப் பயனடைந்தனர்.

முதுமையின் சோர்வு

நடுவயதில் நேர்ந்த பிழை முதுமையிலும் நேர்ந்தது. அறுபதைக் கடந்தவர் பேச்சிழந்து, உணவை வெறுத்து, நினைவு தடுமாறி நின்றால் மூளை தேய்ந்துவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. இங்கிலாந்தின் கிரேலிங்வெல் மருத்துவமனையில் பணியாற்றிய மார்ட்டின் ராத் இக்கருத்தைச் சோதித்தார். அங்கு 1930களிலும் 1940களின் இறுதியிலும் சேர்க்கப்பட்ட 60 வயதுக்கு மேற்பட்டோரின் பதிவேடுகளை நோய்வகைப்படி பிரித்து, அவர்களுக்குப் பின்னர் நேர்ந்ததை அவர் தொடர்ந்து பார்த்தார். மறதிநோயுற்றோருள் பெரும்பாலோர் இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்திருந்தனர். மனச்சோர்வுற்றோருள் பலர் நலம் பெற்று வீடு திரும்பியிருந்தனர். 1955ஆம் ஆண்டு வெளிவந்த இவ்வாய்வு, முதுமையின் மனச்சோர்வு தீரக்கூடிய நோய் என்பதை உறுதிப்படுத்தியது. 1961ஆம் ஆண்டு கைலோ என்னும் மருத்துவர், மறதிநோய் போலத் தோன்றிப் பின்னர் மனச்சோர்வென அறியப்பட்டவற்றைத் தொகுத்துப் போலி மறதிநோய் என்னும் பெயரைப் பரப்பினார்.

1980களின் தொடக்கத்தில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் யெசவேஜ் குழுவினர் முதியோருக்கென 30 வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினர். 1986ஆம் ஆண்டு அது 15 வினாக்களாகச் சுருக்கப்பட்டது. ஆம், இல்லை என்னும் விடைகளே அதற்குப் போதும். முதுமையில் உறக்கமும் பசியும் மனச்சோர்வின்றியும் குறையக்கூடும் ஆதலின், அவற்றைவிட உள்ளத்தின் நிலையைப் பற்றியே அவ்வினாக்கள் மிகுதியாகக் கேட்கின்றன. வாழ்வில் மனநிறைவு உண்டா, வீட்டைவிட்டு வெளியே செல்ல விருப்பம் உண்டா என்பன போன்ற எளிய வினாக்கள் அவை.

மலேசியாவில் 2018ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வு 60 வயதும் அதற்கு மேலும் உள்ளோரிடையே மனச்சோர்வின் அறிகுறிகள் நூற்றுக்கு 11 பேரிடம் காணப்பட்டதாகத் தெரிவித்தது. ஒன்பது முதியவருள் ஒருவர் என்பது இதன் பொருள். அவ்வொருவர் கோயிலில் அருகே அமர்ந்திருப்பவராகவோ, ஓய்வுபெற்ற ஆசிரியையாகவோ, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வரும் பாட்டியாகவோ இருக்கலாம்.

முடிவுரை

இந்நாட்டு மக்களுக்கும் நோய்ப்பெயரின் சுமை தெரியாததன்று. 1911ஆம் ஆண்டு பேராக் மாநிலத்தில் திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனை இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் என்னும் ஊர்ப்பெயரே காலப்போக்கில் ஏளனச் சொல்லாயிற்று. அம்மருத்துவமனைக்கு மகிழ்ச்சி எனப் பொருள்படும் 'பஹாகியா' என்னும் பெயர் சூட்டப்பட்ட பின்னரும் பழைய ஏளனம் முற்றிலும் மறையவில்லை. சிங்கப்பூரில் 1951ஆம் ஆண்டு உட்பிரிட்ஜ் எனப் பெயர் பெற்ற மருத்துவமனை 1993ஆம் ஆண்டு மனநலக் கழகமாக மாறியது. அங்கும் பழைய பெயரைச் சொல்லிக் கேலி செய்யும் வழக்கம் நெடுநாள் நீடித்தது. இத்தகைய பெயருக்கு அஞ்சியே, உறக்கமின்றித் தவிக்கும் தாய்மார் பலர் மருத்துவரிடம் முழங்கால் வலியை மட்டும் கூறிவிட்டுத் திரும்புகின்றனர்.

முதியோரைப் பற்றி 1995ஆம் ஆண்டு மலேசிய அரசு வகுத்த தேசியக் கொள்கை 'வார்கா துவா' என்னும் பெயர் தாங்கியிருந்தது. முதிய குடிமக்கள் என்பது அதன் பொருள். 2011ஆம் ஆண்டின் புதிய கொள்கையில் அது 'வார்கா எமாஸ்', அஃதாவது பொன்னான குடிமக்கள் என்றாயிற்று. நல்ல பெயர்தான். ஆயினும் பெயருக்கேற்ற நடத்தை இல்லங்களில் தொடங்க வேண்டும்.

அந்நடத்தை யாது என்பதற்கு மேற்கூறிய வரலாறு விடை தருகிறது. நடுவயதுப் பெண்ணின் சினத்துக்கும் கண்ணீருக்கும் வயதையே காரணம் காட்டுதல் கிரேப்பலின் பின்னர்க் கைவிட்ட பிழை. அவள் துன்பத்தைக் கற்பனை என்று தள்ளுதல் அதற்கு நேர்மாறான பிழை. நியூகார்ட்டனும் பார்ட்டும் லாக்கும் செய்ததே சரியான தொடக்கம். அவர்கள் கேட்டனர். இரவில் உறங்க முடிகிறதா, முன்பு விரும்பிச் செய்தவற்றில் இப்போதும் விருப்பம் உண்டா, மனத்தை வருத்துவது யாது என்று மகளோ மகனோ கணவனோ உடன்பணியாற்றும் ஆசிரியையோ கேட்கும் கேள்வியிலிருந்து உதவி தொடங்குகிறது. சோர்வு இரு வாரங்களுக்கு மேல் நீங்காதிருப்பின், அல்லது வாழ்வையே வெறுக்கும் சொற்கள் வாயில் வருமாயின், உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் கடமை. உறக்கம், நாள்தோறும் நடை, நண்பர் கூட்டம், மதிப்புள்ள ஒரு பணி, செவியும் கண்ணும் குன்றுமிடத்து அதற்குரிய கருவி ஆகியன முதுமையில் மனத்தைத் தாங்கி நிற்கும் துணைகள்.

தமிழாசிரியர்கள் உலா இலக்கியம் நடத்தும்போது ஏழு பருவங்களோடு பாடம் முடிந்துவிடுகிறது. வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவரின் தாயும் பாட்டியும் அவ்வேழனையும் கடந்தவர்கள். அன்று மாலை வீடு சென்றதும் அவர்களிடம் நலம் கேட்குமாறு மாணவரைப் பணித்தல், எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதப்படாவிடினும், ஆசிரியர் செய்யக்கூடிய நற்பணியாகும்.